சந்தைக்குக் கண் மங்குகிறது

அந்த நகரத்தில், வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் ஒளித்தகட்டுக்கு இருந்த மொத்தச் சந்தை இரண்டே பேர். ஒருவர் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறவர். இன்னொருவர் அவருடைய மனைவி. மீதி அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. தகட்டில் இரண்டு வகை வந்திருந்தன. ஒன்றுக்கு வளையம் என்று பெயர். மற்றதற்குச் சக்கரம். இரண்டும் வட்டம், இரண்டும் பளபளப்பு, இரண்டுக்கும் நடுவில் ஓட்டை. வளையத்தின் ஓட்டை சக்கரத்தின் ஓட்டையைவிடக் கடுகளவு பெரியது. அந்தக் கடுகுக்காக இரு தரப்பிலும் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் தலைமயிரை இழந்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஓட்டத் தனித்தனிப் பெட்டி. வளையத்தைச் சக்கரப் பெட்டியில் போட்டால் பெட்டி துப்பிவிடும். சக்கரத்தை வளையப் பெட்டியில் போட்டால் பெட்டி விழுங்கிவிடும். ஏதோ ஒன்று ஜெயிக்கும், மற்றது தோற்கும், தோற்றதை வாங்கியவன் அதன்மேல் டீ கிளாஸ் வைத்துக் குடிக்க வேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. அதனால் முதலில் மற்றவர்கள் வாங்கட்டும் என்று ஊரே இருந்தது. மற்றவர்கள் என்பது கடைசியில் டயர்க்காரர்தான் என்று ஆயிற்று.

அவர் புதுசைக் கண்டால் பாய்கிற ஆள் இல்லை. செருப்பையே அறுந்த பிறகு இரண்டு முறை தைத்துப் போடுகிறவர். அவரை வாங்க வைத்தது மனைவியின் கண்.

அந்த அம்மாள் சோடா பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விளக்குக்கு முன்னால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒருநாள் எல்லாப் பாட்டிலிலும் கீறல் இருப்பதாகச் சொன்னார். மேற்பார்வையாளர் பாட்டில்களை வாங்கிப் பார்த்தார், பிறகு அவர் கண்களைப் பார்த்தார், பிறகு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கண் டாக்டர் நேர்மையானவர். "ஆபரேஷன் பண்ணா பார்வை நிக்கலாம்மா. ஒரேயடியா போகவும் போகலாம். பண்ணலேன்னா கொஞ்சம் கொஞ்சமா போறது மட்டும் நிச்சயம்" என்றார்.

"அப்போ முதல்ல எங்கம்மாவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன் டாக்டர்."

"தாராளமா. எந்த ஊர்ல இருக்காங்க?"

"கேசட்ல இருக்காங்க."

அது கல்யாண வீடியோ கேசட். டயர்க்காரரின் மாமியார் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. கேமராவைக் கண்டாலே முகத்தை மூடிக்கொள்கிற பெண்மணி. போட்டோ என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் கேசட்டின் கடைசியில், விருந்தாளிகள் போன பிறகு, வாடகை நாற்காலிகளை மடக்கித் தூக்கிக்கொண்டு குறுக்கே போவார். போகிற போக்கில் கேமராக்காரனைப் பார்த்து, "என்னை எதுக்குடா எடுக்கற? பொண்ணு மாப்பிள்ளைய எடு. ஃபிலிம் வீணாகுது பார்" என்று திட்டுவார். அவ்வளவுதான். மாமியார் உலகத்துக்கு விட்டுப்போன முகம் அது ஒன்றுதான்.

கேசட் இருந்தது. அதைப் போடும் டெக் செத்துவிட்டது. அதற்கு உள்ளே மாட்டும் ரப்பர் பெல்ட்டை இப்போது யாரும் செய்வதில்லை. டயர்க்காரர் லாரி ட்யூபை அறுத்து ஒன்று செய்து பார்த்தார். மணமக்கள் ஓடத் தொடங்கினார்கள். விருந்தாளிகள் பறந்தார்கள். கேசட் கிழிவதற்குள் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனார்.

கடையில் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தன.

"இதுல எதுங்க நல்லது?"

"ரெண்டுமே நல்லதுதான் சார்" என்றார் கடைக்காரர்.

"உங்க வீட்டுல எது இருக்கு?"

"எங்க வீட்டுலயா? நான் விக்கிறவன் சார். எனக்கு விவரம் தெரியும். நான் எப்படி வாங்குவேன்?"

டயர்க்காரர் கைக்குக் கிட்டத்தில் இருந்த வளையத்தை வாங்கினார். கேசட்டைத் தகடாக மாற்றும் இயந்திரம் பேரவையில் மட்டும்தான் இருக்கிறது, அனுப்பினால் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று கடைக்காரர் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கேசட் டயர்க்காரர் கையை விட்டுப் போனது அப்படித்தான்.

பேரவை என்பது இல்ல ஒளித்தகட்டு ஒருமைப்பாட்டுப் பேரவை. வளையத்தையும் சக்கரத்தையும் ஒன்றாக்குவதற்காக ஏற்படுத்தப்பட்டது. அதற்கு இரண்டு வாசல். வளைய அணியினர் ஒன்றில் நுழைவார்கள், சக்கர அணியினர் மற்றதில். உள்ளே கூட்ட மேசையும் இரண்டு பாதிகளாக இருந்தது. ஒரு பாதி மற்றதைவிடக் கடுகளவு உயரம். நடுவில் வைத்த டீ எப்போதும் சக்கர அணியின் மடியில் கொட்டியது. அதைக் கண்டித்து அவர்கள் போட்ட தீர்மானம் நிலுவையில் இருந்தது.

இந்த இடத்துக்குத்தான் ஒருநாள் செய்தி வந்தது: யாரோ ஒருவர் வாங்கிவிட்டார்.

பேரவை ஆடிப்போனது. அன்று சாயங்காலமே சக்கர அணியினர் டயர்க்காரர் வீட்டுக்கு வந்து அவர்களுடைய பெட்டி ஒன்றை இலவசமாக வைத்துவிட்டுப் போனார்கள். சந்தை சரிபாதியாகப் பிரிந்துவிட்டது என்று மறுநாள் இரு தரப்பும் அறிக்கை விட்டன.

சொன்ன வாரத்தில் கேசட் வரவில்லை. கேட்டு வாங்கி வரலாம் என்று டயர்க்காரர் பேரவைக்கே போனார். எந்த வாசலில் நுழைவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றார். வரவேற்பறைப் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"சார், சந்தை வந்திருக்கு... ஆமா சார், நேர்லயே... தனியாத்தான் சார்... கையில கிரீஸ் இருக்கு, செருப்பு போட்டிருக்கு."

ஐந்து நிமிடத்தில் கூட்ட அறை நிரம்பியது. அவரை நடுவில் நிற்க வைத்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிலர் தொட்டுப் பார்த்தார்கள். பேரவைத் தலைவர் பேசினார்.

"நண்பர்களே, நுகர்வோர் நமக்குக் கடவுள். அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக நாம் அவரை நேரில் பார்க்க முயன்றதே இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பது நாகரிகம் ஆகாது. அவருக்கு என்ன வேண்டும் என்பதை நாமே முடிவு செய்து, அதை அவர் கேட்கும்வரை பொறுமையாக இருந்தோம். இன்று அவர் வந்திருக்கிறார். நம் பொறுமை வென்றது!"

"சார், நான் கேசட்டை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் டயர்க்காரர்.

"சந்தை பேசுகிறது!" என்று தலைவர் கத்தினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இல்ல சார், என் சம்சாரத்துக்குக் கண்ணு..."

"உங்களுக்கு மனைவியும் இருக்கிறாரா? அவரும் பார்ப்பாரா?"

"அவளுக்காகத்தான் சார் வாங்கினதே."

தலைவர் இரு அணிகளையும் திரும்பிப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது. "அப்படியென்றால் இவர் சந்தையின் வாங்கும் பாதி. பார்க்கும் பாதி வீட்டில் இருக்கிறது!"

அங்கேயே முடிவானது. சந்தையின் சொந்தக் கேசட்டையே இரண்டு வகையிலும் தகடாக்கி, சந்தையின் சொந்த வீட்டிலேயே பார்க்கும் பாதிக்குப் போட்டுக் காட்டுவது. எது நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மாள் சொல்கிறாரோ அதுவே நாட்டின் தகடு. சோதனைக்குக் கேசட்டின் தொடக்கம் மட்டும். முழுக் கேசட்டையும் ஜெயித்த தகட்டில் ஏற்றி, விழா எடுத்துக் கொடுப்பார்கள். அதுவரை கேசட் பெட்டகத்தில் இருக்கும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, அணிக்கு ஒன்று.

"அவங்கம்மா கேசட்டோட கடைசியில வருவாங்க சார்."

"கடைசியில் பார்க்கட்டுமே. யார் வேண்டாம் என்றது?" என்றார் தலைவர்.

முதலில் வளைய அணி வந்தது. வீடு என்பது ஒரே அறை, திரைக்குப் பின்னால் அடுப்பு. வெள்ளைக் கையுறை போட்ட பொறியாளர்கள் அந்த அறைக்குள் வந்து, ஒலி கெடும் என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள், வாசனை கவனத்தைச் சிதறடிக்கும் என்று அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வெளியே வைத்தார்கள். சக்கர அணியினர் பார்வையாளர்களாக ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். மதிப்பீட்டு அலுவலர் என்று ஓர் ஆள் மூக்குக்கண்ணாடியோடு வந்திருந்தார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது: படம் மங்கலா, மங்கல் இல்லையா? அதற்கு இரண்டே விடைதான் உண்டு. மூன்றாவது ஒரு விடை வைப்பதைப் பற்றி அணிகளுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை.

படம் ஓடியது. கல்யாண மண்டபம். வாசலில் யாரோ யாரையோ வரவேற்றார்கள்.

"எப்படிம்மா இருக்கு?"

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். "மங்கலா இருக்குங்க."

ஜன்னலுக்கு வெளியே சக்கர அணியினர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டயர்க்காரர் தலைமைப் பொறியாளரைத் தனியே கூப்பிட்டார். "சார், அவளுக்குக் கண்ணுல கோளாறு சார். என்னைப் பாத்தாக்கூட மங்கலாத்தான் தெரியும்."

"உங்களை நாங்க தயாரிக்கல" என்றார் பொறியாளர். "அதுவுமில்லாம, சந்தைக்குக் கண்ணு கோளாறுன்னு சொல்ற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. சந்தை எப்பவும் சரியாத்தான் பாக்கும்."

அடுத்து சக்கர அணி. அதே மண்டபம், அதே வாசல்.

"இதுவும் மங்கலாத்தாங்க இருக்கு. அம்மா எப்போ வருவாங்க?"

இப்போது வளைய அணியினர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஊரெல்லாம் சுவரொட்டி. 'சக்கரம் மங்கல்: சந்தையே சொல்கிறது!' அதன் பக்கத்தில், பசை காயாமல், 'வளையம் மங்கல்: சந்தையின் தீர்ப்பு!' ஊர் இரண்டையும் படித்தது. நல்லவேளை வாங்கவில்லை என்று மார்பில் கை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தது.

இரு அணிகளும் வெறிபிடித்த மாதிரி தெளிவாக்கத் தொடங்கின. வாரா வாரம் புதுத் தகடு வந்தது. ஒவ்வொரு முறையும் கல்யாணம் முன்பைவிடக் கூர்மையானது. டயர்க்காரருக்குத் தன் கல்யாணத்தைப் பற்றி இதுவரை தெரியாத விஷயங்கள் தெரிய வந்தன. பெரியப்பா இரண்டு முறை சாப்பிடப் போனது தெரிந்தது. அவருடைய கோட்டில் விலைச்சீட்டு தொங்கியது தெரிந்தது. மண்டபத்துச் சுவரில் ஓர் ஈ உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பொறியாளர்கள் அந்த ஈயைப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

"அம்மா, ஈ தெரியுதா பாருங்க."

"எந்த ஈ?"

"சுவர்ல இருக்கே."

"சுவர் எங்கங்க?"

டிவி சின்னது, அதுதான் பிரச்சினை என்று வளைய அணி பெரிய டிவி கொண்டு வந்தது. சக்கர அணி அதைவிடப் பெரியதைக் கொண்டு வந்தது. கடைசியில் வந்த டிவி ஒரு சுவரையே அடைத்தது. அதோடு அடுப்பங்கரைக்குப் போகும் வழியும் அடைபட்டது. அதன்பிறகு அந்த அம்மாள் சமைக்க வேண்டுமானால் தெருவுக்கு வந்து, சுற்றிப் போய், பின்பக்க ஜன்னல் வழியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. கண் தெரியாதவர்களுக்கு அது அவ்வளவு சுலபமான வழி இல்லை. முழங்கால் இரண்டும் சிராய்த்துக்கொண்டன.

தெருவில் அவருக்குத் தனி மரியாதை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் ஏற உதவி செய்துகொண்டே கேட்டாள், "அக்கா, எது ஜெயிக்கும்னு தோணுது?"

"எனக்கு ரெண்டுமே ஒண்ணுதான்மா. ரெண்டுலயும் அம்மா வரல."

"இப்படிச் சொன்னா எப்படிக்கா? உங்களை நம்பித்தானே மொத்தத் தெருவும் காத்துட்டிருக்கு. பார்வை போறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிட்டீங்கன்னா நாங்களும் வாங்கிடுவோம். எங்க பையன் உயிரை எடுக்கறான்."

நடுவில் டயர்க்காரருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, கடைத்தெருப் பக்கமும் போகவில்லை. 'சந்தை படுத்தது' என்று பத்திரிகைகள் முதல் பக்கத்தில் எழுதின. பேரவை பதறிப்போய் மூன்று டாக்டர்களை அனுப்பியது. ஒருவர் நாக்கைப் பார்த்தார், ஒருவர் முதுகைத் தட்டினார், ஒருவர் வெளியே நின்று நிருபர்களிடம் பேசினார். அந்த அம்மாள் சுவரைத் தடவிக்கொண்டே வந்து மூவருக்கும் தண்ணீர் கொடுத்தார். ஒரு கிளாஸைக் காற்றில் நீட்டி விட்டுவிட்டார். கிளாஸ் உடைந்தது. பார்த்து நடங்கம்மா என்று சொல்லிவிட்டு டாக்டர்கள் போனார்கள்.

அன்று அந்த அம்மாள் சொன்னார், "போதுங்க. ஆபரேஷனுக்கே போயிடலாம். பார்வை நின்னா அம்மாவை அப்புறம் பாத்துக்கறேன். நிக்கலேன்னா, போகட்டும்."

டயர்க்காரர் ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டு வந்தார். அவர் வீட்டுக்குள் நுழைவதற்குள் பேரவையின் கார் வாசலில் நின்றது. சட்ட ஆலோசகர் இறங்கினார். மிகவும் மென்மையாகப் பேசுகிறவர்.

"அம்மா, உங்க கண்ணு இப்போ உங்க சொந்தக் கண்ணு இல்ல. அது அளவுகோல். துணிக்கடைக்காரர் பாதித் துணி அளந்துட்டு, நடுவுல அளவுகோலை மாத்தினா நீங்க சும்மா விடுவீங்களா?"

"அளவுகோல் குருடாப் போகுதுங்களே."

"அது அளவுகோலோட தனிப்பட்ட விஷயம். அதுல பேரவை தலையிடாது. ஆனா மாத்தினீங்கன்னா இதுவரைக்கும் பண்ண சோதனை எல்லாம் செல்லாது. மறுபடியும் முதல்லேர்ந்து. அது முடியற வரைக்கும் கேசட் பெட்டகத்துலயேதான் இருக்கும். எத்தனை வருஷம்னு என்னால சொல்ல முடியாது."

"மாத்தலேன்னா?"

"முடிவு நெருங்கிடுச்சும்மா."

அவர் போனதும் அந்த அம்மாள் பாயைத் தடவி உட்கார்ந்தார். பிறகு, "நெருங்கிடுச்சாமே" என்றார். "இவ்வளவு நாள் இருந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே."

ஆஸ்பத்திரியில் குறித்த நாள் வந்தது, போனது. முடிவு அடுத்த மாதமும் நெருங்கிக்கொண்டேதான் இருந்தது. டயர்க்காரர் பேரவைக்கு ஓடினார். இந்த முறை எந்த வாசல் என்று யோசிக்கவில்லை. நேராகத் தலைவர் அறைக்குள் போய்க் கையைக் கூப்பினார்.

"சார், வளையமோ சக்கரமோ, எது வேணா ஜெயிக்கட்டும். அந்தக் கேசட்டை மட்டும் குடுத்துடுங்க. எங்கேயாவது பழைய டெக்கைத் தேடிப் பிடிச்சுப் போட்டுக் காட்டிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். உங்க காலுல வேணா விழறேன்."

தலைவர் பதறி எழுந்தார். "சந்தை விழக்கூடாது! வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? உட்காருங்கள், உட்காருங்கள். இப்போதே எடுத்துத் தருகிறேன்."

இரு சாவிக்காரர்களும் வந்தார்கள். பெட்டகத்துக்கு முன்னால் நின்றார்கள். எந்தச் சாவியை முதலில் திருப்புவது என்று பேச்சு எழுந்தது. முதலில் திருப்பும் அணி மற்றதன் தலைமையை ஏற்றதாக ஆகுமா, அல்லது ஏற்க வைத்ததாக ஆகுமா என்பதில் தெளிவு இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பலாம் என்று டயர்க்காரர் சொன்னார். யார் 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்வது என்று கேட்டார்கள். சாயங்காலம் ஆனதும் சாவிகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இருவரும் அவரவர் வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள்.

தலைவர் அவர் தோளில் கை போட்டார். "பார்த்தீர்களா, எங்களால் ஒரு பெட்டகத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. அப்படியும் ஒரு நாட்டின் கண்ணைத் திறக்கப் புறப்பட்டிருக்கிறோம். இந்தத் தியாகத்தை யாரும் எழுதுவதில்லை. காத்திருங்கள். காத்திருப்பதுதான் நுகர்வோரின் தொழில். நாங்கள் அதில் ஒருநாளும் போட்டிக்கு வரமாட்டோம்."

சில நாள் கழித்து, காலை வெயில் அறைக்குள் நன்றாக விழுந்திருந்த நேரத்தில், அந்த அம்மாள் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, கரண்ட் போயிடுச்சா?"

டயர்க்காரர் ஜன்னலைப் பார்த்தார். மனைவியின் முகத்தின்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை.

"ஆமா, போயிடுச்சு" என்றார்.

"எப்போ வரும்?"

கண் டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் ஆபரேஷன் பண்ணுவதும் பண்ணாததும் ஒன்றுதான் என்றார். அவரும் வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கலாம் என்று இருந்தார். எது ஜெயிக்கும் என்று போகும்போது மெதுவாகக் கேட்டார்.

பிறகு ஒருநாள் போர் முடிந்தது. எப்படி முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. வளையத்தின் முதலாளி மகளுக்கும் சக்கரத்தின் முதலாளி மகனுக்கும் கல்யாணம் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். புதுத் தகட்டுக்கு வளையச்சக்கரம் என்று பெயர். படம் வளையத்தின் முறைப்படி, ஒலி சக்கரத்தின் முறைப்படி. ஓட்டையின் அளவு இரண்டுக்கும் சராசரி. அதனால் அது வளையப் பெட்டியிலும் ஓடாது, சக்கரப் பெட்டியிலும் ஓடாது. புதுப் பெட்டி வாங்க வேண்டும். டயர்க்காரருக்கு மட்டும், சந்தை என்ற முறையில், இலவசம்.

விழாவை அவர் வீட்டிலேயே வைத்தார்கள். அறைக்குள் இடம் போதாமல் தெருவிலும் நாற்காலி போட்டார்கள். அந்த அம்மாளை டிவிக்கு நேர் எதிரே, சரியான தூரத்தில், அளந்து உட்கார வைத்தார்கள்.

"அம்மா வருவாங்கல்ல இன்னிக்கு?" என்று அவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன். ஒண்ணு விடாம சொல்லுங்க."

தகடு சுழன்றது. முதலில் பேரவைத் தலைவர் திரையில் தோன்றினார். இந்தத் தகட்டைப் பிரதி எடுப்பவர்கள் அடையும் தண்டனைகளைப் பற்றிப் பேசினார். தெளிவின் வரலாற்றைப் பற்றிப் பேசினார். டயர்க்காரர் ரிமோட்டை அழுத்தினார். 'நுகர்வோரின் நலன் கருதி இந்த உரையைத் தாண்ட இயலாது' என்று எழுத்து வந்தது. தெருவில் உட்கார்ந்திருந்த நிஜத் தலைவர் தன் உரைக்குத் தானே தலையாட்டினார்.

அப்புறம் கல்யாணம். மண்டபம், வாசல், பெரியப்பா, ஈ. டயர்க்காரர் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். விருந்தாளிகள் போனார்கள். கூடம் காலியானது.

"இப்போ வருவாங்க" என்றார் அந்த அம்மாள். கை இறுகியது.

வளையச்சக்கரம் அகலத்திரைக்கு என்றே செய்யப்பட்டது. பழைய கேசட்டின் படம் கிட்டத்தட்டச் சதுரம். அதை அகலத்தில் நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள். மேலே வெட்டியதில் மண்டபத்துக் கூரை போனது, யாருக்கும் நஷ்டமில்லை. மாமியார் குள்ளம். நாற்காலிகளின் பாரத்தில் குனிந்து வேறு நடந்தார். திரையின் அடி விளிம்பில், தண்ணீரில் மிதந்து போகும் தேங்காய் மாதிரி, ஒரு கொண்டை மட்டும் இடமிருந்து வலமாகப் போயிற்று.

ஒலி தாமதமாக வந்தது. கொண்டை போய், மணமகன் கொட்டாவி விடும் காட்சி வந்த பிறகு, கொட்டாவிக்குள்ளிருந்து குரல் கேட்டது. "என்னை எதுக்குடா எடுக்கற? பொண்ணு மாப்பிள்ளைய எடு. ஃபிலிம் வீணாகுது பார்."

"அம்மா" என்றார் அந்த அம்மாள். சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அந்தக் கூட்டத்தில் அந்தத் தகடு சரியாக வேலை செய்தது அவர் ஒருவருக்குத்தான். "அப்படியே அம்மாவேதான். ஏங்க, முகம் எப்படி இருக்கு? சொல்லுங்க. சோர்ந்து போயிருக்காங்களா?"

டயர்க்காரர் திரையைப் பார்த்தார். அங்கே அவர் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அந்த முகம் எப்படி இருந்தது என்று நினைவில் தேடினார். கொண்டைதான் வந்தது.

"நல்லா... நல்லாத்தான்..." என்று தொடங்கினார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று மதிப்பீட்டு அலுவலர் குறுக்கே வந்து குனிந்தார். "அம்மா, படம் எப்படி இருக்கு? மங்கலா, மங்கல் இல்லையா?"

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க தம்பி."

"கேள்வி அது இல்லம்மா. மங்கலா தெரியுதா?"

"மங்கலாக்கூடத் தெரியல."

"மங்கலா தெரியல" என்று அலுவலர் உரக்கச் சொன்னார்.

"தம்பி, அவளுக்குப் பார்வையே போயிடுச்சுப்பா" என்றார் டயர்க்காரர். "அதை எழுதுங்க."

"சார், எங்கிட்ட இருக்கறது ரெண்டே விடை. முந்தி அவங்களே மங்கல்னு சொன்னாங்க, மங்கல்னு எழுதினேன். இப்போ மங்கல் இல்லங்கறாங்க. நானா மாத்தி எழுத முடியுமா? அவங்க வாக்குக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

வெளியே பட்டாசு மாதிரி கைதட்டல் வெடித்தது. வளைய அணியினரும் சக்கர அணியினரும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தலைவர் மேடையேறி, சந்தையின் நீண்டநாள் குறை முற்றிலும் நீங்கியது என்று அறிவித்தார்.

அந்த வாரமே எதிர்க் கட்டடத்தின் மூன்று மாடிச் சுவரை மறைத்து ஒரு விளம்பரப் பலகை எழுந்தது. சாரம் கட்டும் சத்தத்தைக் கேட்டு அந்த அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"என்னங்க வைக்கறாங்க?"

"விளம்பரம். 'இனி மங்கல் இல்லை. சந்தை கண்டது தெளிவு'ன்னு எழுதியிருக்கு."

"அவ்வளவுதானா?"

"கீழே சின்னதா ஒண்ணு இருக்கு. 'தகடே இல்லாத புதிய முறை விரைவில். அதுவரை காத்திருக்கவும்'."

தெருவில் நின்று படித்தவர்கள் கீழே இருந்த அந்த வரியைத்தான் படித்தார்கள். நல்லவேளை வாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு கலைந்து போனார்கள். சந்தை முன்பிருந்த அளவிலேயே இருந்தது.

"உன் போட்டோ போட்டிருக்காங்க" என்றார் டயர்க்காரர். "இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும்."

"என் போட்டோவா? எப்படி இருக்கேன்?"

அவர் பார்த்தார். சின்னப் படம் ஒன்றை மூன்று மாடிக்கு இழுத்திருந்தார்கள். முகம் புள்ளி புள்ளியாகச் சிதறி, எது மூக்கு எது கன்னம் என்று தெரியவில்லை.

"மங்கலா இருக்கே" என்றார்.

"அப்போ நான்தான்" என்றார் அந்த அம்மாள். "கடைசியா கண்ணாடியில பாத்தப்பவும் அப்படித்தான் இருந்தேன்."